ஏற்காட்டில் கல்லறைத் திருநாள்

சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, இறந்தவர்களை நினைத்து வேண்டும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 ஓய்வில்லாத நாள். காலையில் திருப்பலி, பிறகு கல்லறை மந்திரிப்பு, சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை. என் அம்மா வழி ஆட்கள் ஏற்காட்டு மண்ணில் அடங்கியிருப்பதால் எங்களுக்கு அது மலையேறும் நாளும்கூட. வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ போகும்போது மனசு நிறைய விண்ணப்பங்களைச் சுமந்துகொண்டு போகிறோம். பிள்ளைக்கு வேலை, மகளுக்கு வரன், தீராத மூட்டுவலி. இந்தப் பயணத்தில் மட்டும் நமக்கென்று எதுவும் கேட்பதில்லை, போய்ச் சேர்ந்தவர்களுக்காகக் கேட்கிறோம். அதனாலேயே எனக்கு இது எந்தத் திருத்தலப் பயணத்துக்கும் குறைந்ததில்லை.

முந்தின நாள் இரவே வ.உ.சி. பூ மார்க்கெட்டில் சாமந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டோம். விடியற்காலை பஸ். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பது அம்மாவின் வழக்கம். அப்பா, அம்மா, அக்கா, சித்தப்பா என்று ஆரம்பித்து, பாதி மலைக்கு மேல் பக்கத்து வீட்டார், பள்ளிக்கூட டீச்சர், பால்காரர் என்று போய்விடும். மேலே ஏறும்போது மூடுபனி இறங்கிவிட்டது. சில்வர் ஓக் மரங்களும் அவற்றைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடிகளும் பஸ் விளக்கில் தெரிந்து தெரிந்து மறைந்தன.

கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு முன்பே கூட்டம். புல் செதுக்கி, உண்ணிச்செடியை அரிவாளால் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, எல்லாரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். சிலர் கல்லறைமேல் பொரியும் மிளகும் உப்பும் தூவினார்கள். ஏற்காட்டு நவம்பர் காற்றில் மெழுகுவர்த்தி ஒரு நிமிஷம் நிற்காது. அதற்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொட்டாங்குச்சியின் ஒரு பக்கத்தை உடைத்து எடுத்துவிட்டு, மண்ணில் கவிழ்த்தாற்போல் சாய்த்துப் புதைத்து, அதற்குள் மெழுகுவர்த்தியை நடுகிறார்கள். காற்று வரும் பக்கம் ஓடு, நம் பக்கம் வெளிச்சம். மலைக்காரர்கள் வீட்டிலிருந்தே பை நிறைய எடுத்து வந்து, கீழேயிருந்து வருகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள்.

பெரியம்மாவின் கல்லறைக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தார். காப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் பெண்கள் இருட்டோடு லைன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, கைக்குழந்தைகளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எந்தக் குழந்தைக்கு முதுகில் தட்டினால் தூக்கம் வரும், எதற்குக் காதை நீவிவிட வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. சாயங்காலம் பழத்தை எடை போட்டுவிட்டு அம்மாக்கள் வரும்வரை ஒரு பிள்ளையும் அழுது யாரும் கேட்டதில்லை என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. அவர்களில் யாரோ வந்து ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரென்று தெரியாது. நாங்களும் எங்கள் மெழுகுவர்த்தியை அவற்றோடு சேர்த்து நட்டோம்.

சாமியார் மந்திரிப்புக்கு முன் சின்னதாய் ஒரு பிரசங்கம் வைத்தார். போரில் விழுந்த தன் வீரர்களுக்காக யூதத் தளபதி யூதா மக்கபே சுமார் 2,000 வெள்ளிக் காசுகள் திரட்டி, பாவப் பரிகார பலிக்காக எருசலேமுக்கு அனுப்பிய இடத்தை விவிலியத்தின் மக்கபேயர் இரண்டாம் நூலிலிருந்து வாசித்தார். இறந்தவர்களுக்காக வேண்டும் வழக்கத்துக்கு அதுதான் நமக்கு வேர். நவம்பர் 2-ஐ இதற்கென்று ஒதுக்கியவர் பிரான்ஸின் குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ. ஆயிரம் வருஷங்களுக்கு முன் அவர் தன் மடங்களில் தொடங்கியது பிறகு திருச்சபை முழுக்கப் பரவியது. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 1894-இல் ஏற்காட்டில் திரு இருதய கான்வென்டைத் தொடங்கிய சகோதரிகளின் சபைக்கும் அதே குளூனி ஊரின் பெயர்தான். எங்கோ ஒரு மடத்தில் தொடங்கிய நினைவும், அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய சபையும் இந்தக் காப்பி மலையில் வந்து சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க வந்து இங்கேயே கண்ணை மூடிய கன்னியர்களுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

“நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும், ஆண்டவரே” என்று சாமியார் சொல்ல, “முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக” என்று கூட்டம் பதில் சொன்னது. தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தார். பளிங்குக் கல்லறை, சிமென்ட் கல்லறை, வெறும் மரச்சிலுவை, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்த்தம்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். வேலி ஓரம் ஒரு சில்வர் ஓக்கின் அடியில் நின்று, மரத்தில் குதிகாலை ஒட்டி வைத்து, அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டு வந்தார். ஏழாவது அடியில் நின்று, மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தார். உள்ளங்கை அகலம்தான், நன்றாகக் கழுவிய கல். அங்கே மேடும் இல்லை, சிலுவையும் இல்லை. புல் மட்டும்தான்.

“யாருங்க பாட்டி இங்க?”

“எங்கம்மா, கண்ணு. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப போயிட்டாங்க. மண்ணுமேடு மழையில கரைஞ்சு போச்சு. செலுவ வெச்சோம், கரையான் தின்னுருச்சு. எங்கப்பாரு மரத்துல இருந்து ஏழு அடின்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு.”

“கல்லு?”

“வருஷா வருஷம் வெப்பேன். அடுத்த வருஷம் வந்தா இருக்காது. புல்லு வெட்டறவங்க தூக்கிப் போட்டுருவாங்க. அதுக்கென்ன, மலையில கல்லுக்கா பஞ்சம்?”

அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். காப்பிப் பழம் பறிப்பதில் கை வேகம். கொத்தை ஒடிக்காமல், பச்சைக் காயைத் தொடாமல், பழுத்ததை மட்டும் இரண்டு விரலால் கழற்றி எடுப்பார். மேஸ்திரி புதுப் பெண்களை அவர் பக்கத்து வரிசையில் விட்டுப் பழக வைப்பாராம். மழை நாளில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பார். பாட்டுப் பாட மாட்டார், ஆனால் மற்றவர்கள் பாடினால் தலையை ஆட்டுவார். இவ்வளவுதான் பாட்டிக்கு நினைவிருக்கிறது. முகம் நினைவில் இல்லை, விரல்கள்தான் நினைவில் இருக்கின்றன என்று தன் விரலைக் கழற்றுவதுபோல் ஆட்டிக் காட்டினார்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று எல்லாச் சுற்றுலாக் கையேடுகளும் எழுதுகின்றன. அது உண்மை, அவருக்குரிய மரியாதை அவருக்கு. ஆனால் இந்த 200 வருஷங்களாக ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் பழத்தைச் செடியிலிருந்து கழற்றிய விரல்களுக்கு மலையில் கல்வெட்டு இல்லை. அவர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு, இந்துக்கள் உண்டு, மலை உச்சிக் குகையில் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிடும் மலையாளிப் பழங்குடி மக்கள் உண்டு. விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 44-ஆம் அதிகாரம் புகழ்பெற்ற முன்னோரைப் போற்றிக்கொண்டே வந்து, நினைவே விட்டுச் செல்லாமல் பிறக்காதவர்களைப்போல் மறைந்தவர்களையும் நடுவில் நிறுத்திச் சொல்கிறது. அந்த வசனத்தைப் பாட்டிக்குச் சொன்னேன். “சாமிக்குத் தெரியுமில்ல” என்றார். ஆண்டவருக்குத் தெரியும். அதில் எனக்கும் சந்தேகமில்லை. இருந்தாலும் மனுஷராகிய நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அடுத்தவரின் துக்கத்துக்குப் போய் உட்கார்வதுபோல இதுவும் ஒரு கடமை.

மதியத்துக்கு மேல் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்குப் போனோம். அது தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அங்கே அடக்கம் நடந்திருக்கிறது. அங்கிருந்தவரிடம் அனுமதி கேட்டு உள்ளே போனோம். இறந்தவர்களுக்காக வேண்டுவதில் அவர்கள் சபையின் வழக்கம் வேறு. அதனால் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. பூ மட்டும் வைத்து, மனசுக்குள் ஜெபித்தேன்.

நான் தேடி வந்தது ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடத்தை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்து, தென்னாடு முழுக்க நடந்தும் குதிரையிலும் போய்ப் பாறைகளைப் பார்த்தவர். 1863 மே 30 அன்று சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில், சரளை மண்ணில் கிடந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். ஆயிரம் பேர் மிதித்துப் போயிருக்கக்கூடிய கல். அது தானாக உடைந்ததில்லை, ஒரு மனிதக் கை செதுக்கியது என்று கண்டுகொண்டார். கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்று உலகம் அறிந்தது அங்கிருந்துதான். அதே வருஷம் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அந்த இடத்தின் கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வயது என்று 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு ஃபுட் குடியிருக்கத் தேர்ந்தது ஏற்காட்டை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். சாம்பலை இந்த மலைக்குக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள்.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவலும் 1882-இல் ஏற்காட்டில்தான் உயிர் துறந்தார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இவரை இவ்வளவு எளிதாக மறந்தது எனக்கு வருத்தம். 1826-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷனரி. வேதாகமத்தைத் தமிழில் பெயர்க்க அவருக்குத் துணையாக உட்கார்ந்தவர் ஆறுமுக நாவலர். பிற்காலத்தில் சைவத்துக்காகவே வாழ்ந்த அதே நாவலர். தன் சமயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காத ஒருவரும், தன் சமயத்தைப் பரப்பவே கடல் தாண்டி வந்த ஒருவரும் வருஷக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழைத் தேடியிருக்கிறார்கள். பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளையும் திரட்டினார். 1874-இல் வந்த பதிப்பில் அவை 6,000-க்கும் மேல். அவற்றைச் சொன்ன கிழவிகளின் பெயர் அதில் இல்லை, அவர்கள் சொன்னது இருக்கிறது.

ஃபுட்டின் நினைவுக் கல்லுக்கு முன் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன். ஒவ்வொரு பத்து மணிக்குப் பிறகும் சொல்கிறோமே, “உமது இரக்கம் யாருக்கு அதிகத் தேவையோ அவர்களுக்குச் சிறப்பாக உதவி புரியும்” என்று, அந்த இடத்துக்கு வந்ததும் அத்திரம்பாக்கத்தில் கோடரி செதுக்கியவர்களை நினைத்தேன். அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். யாரோ அழுதிருப்பார்கள். நம் வேதத்தைக் கேட்டிராத, சிலுவை தெரியாத அந்த ஆன்மாக்களையும் என் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன். திருச்சபை எனக்குக் கற்றுக்கொடுத்த கடவுள் அதை ஏற்றுக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

பக்கத்தில் சின்னச் சின்னக் குழந்தைக் கல்லறைகள் இருந்தன. ஒன்றின்மேல் எழுத்து பாசி ஏறிப் படிக்க முடியவில்லை. மீதியிருந்த சாமந்தியை அங்கே வைத்துவிட்டு வந்தோம்.

நவம்பர் மாதம் முழுக்க எங்கள் பங்குக் கோயிலில் இறந்தோர் பெயர்களைக் கவரில் போட்டுக் கொடுப்பது வழக்கம். அது பீடத்தின் அருகே இருக்கும், மாதம் முழுவதும் திருப்பலியில் அவர்களுக்காக வேண்டுவார்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மரித்தோருக்காக ஜெபித்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்காக வேண்டினால் அவர்களுக்குப் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, கிடைக்கும். அன்று மலையேற முடியாதவர்கள் அந்த எட்டு நாளில் அவரவர் ஊர்த் தோட்டத்துக்கே போகலாம். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் கொட்டாங்குச்சி கொண்டு வாருங்கள். மழைக்காலம், புல் வழுக்கும், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கவருக்கான பட்டியலை எழுதினேன். தாத்தா, பாட்டி, பெரியம்மா. சில்வர் ஓக்கிலிருந்து ஏழாவது அடியில் இருக்கும் அந்த அம்மா. அவர் பெயரைப் பாட்டியிடம் கேட்டு வாங்கியிருந்தேன். பீட்டர் பெர்சிவல், ராபர்ட் புரூஸ் ஃபுட். மறுநாள் பங்கு அலுவலகத்தில் உபதேசியார் பட்டியலைப் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு பேரும் எங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். ஏற்காட்டுக்காரர்கள் என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார்.