பானை கழுத்துக்குப் பைப்பிங் ஒருவழியாகப் படிந்துவிட்டது

மெரூன் பட்டு பிளவுஸ், முதுகில் 9 இஞ்ச் இறக்கத்துக்குப் பானை கழுத்து (மேலே குறுகி, கீழே பானை மாதிரி அகலும் வெட்டு), அதைச் சுற்றித் தங்க நிற டிஷ்யூவில் பைப்பிங், அதாவது உள்ளே கயிறு வைத்துத் தைக்கிற மெல்லிய விளிம்பு. அயர்ன் பண்ணி ஹேங்கரில் மாட்டிப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை, கழுத்து தூக்கிக்கொண்டும் நிற்கவில்லை. வீட்டில் காட்டினால் "நீ எப்பவும் நல்லாத்தானே தைப்ப" என்று டிவி பக்கம் திரும்பிவிடுகிறார்கள். தைக்கிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

யு கழுத்து, சதுரம் எல்லாம் கை பழகினால் வந்துவிடும். பானை அப்படியில்லை, ஒரே கழுத்தில் இரண்டு வளைவு, இரண்டும் எதிரெதிர். பானையின் வயிற்றுப் பக்கம் கிராஸ் பட்டியை (துணியின் இழைக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டிய பட்டி) லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும், அப்போதுதான் திருப்பிய பிறகு பைப்பிங் முதுகோடு ஒட்டி உட்காரும். மேலே கழுத்து குறுகுகிற இடத்தில் அதே மாதிரி இழுத்தால் போச்சு, பைப்பிங் இறுகி, துணி கொசுவிக்கொள்ளும். அங்கே பட்டியைத் தளரவிட்டு விரலால் மெல்ல உள்ளே தள்ளிக் கொடுக்கணும். இழுப்பிலிருந்து தளர்வுக்கு மாறுகிற அந்த அரை இஞ்ச் தூரம் இருக்கிறதே, அதில் மோட்டாரை நம்பவே இல்லை, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி துணிக்குள் இறங்கி நிற்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்பி, மறுபடி இறக்கி, ஒவ்வொரு தையலாகப் போட்டேன்.

திருப்புவதற்கு முன், தையலுக்கு வெளியே விட்ட துணியை நறுக்குவதிலும் இதே கணக்குதான். வயிற்று வளைவில் நேர் வெட்டு போதும், மேலே சின்னச் சின்ன முக்கோணமாக எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே துணி மடிந்து தடித்துக்கொள்ளும். தையல் ஓரத்துக்கு ஒரு நூல் முன்னால் கத்திரி நின்றாகணும். சாதாரண ஃபுட் பைப்பிங் கயிற்றின் மேல் ஏறி இறங்கும் என்பதால் ஒரு பக்கம் மட்டும் அழுத்துகிற ஜிப் ஃபுட் போட்டேன். பட்டியை ஒரு தடவை, அதன் மேல் லைனிங் வைத்து மறு தடவை தைக்கிறோம் இல்லையா, இரண்டாவது தையல் முதல் தையலைவிட ஒரு மயிரிழை கயிற்றுப் பக்கமாக விழுந்தால் பழைய நூல் வெளியே தெரியாது. அவ்வளவுதான் ரகசியம்.

டிஷ்யூ துணி வெட்டிய மாத்திரத்தில் நூல் நூலாகப் பிரியும். அதனால் முதலில் பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் துணி) ஒட்டிவிட்டு, அப்புறம் 45 டிகிரிக்குக் கோடு போட்டு 1¼ இஞ்ச் பட்டியாக வெட்டினேன். ரெடிமேடாக விற்கிற பைப்பிங் பட்டியில் சில சரியான 45 டிகிரி கிராஸில் இல்லாமல் ஏதோ சாய்வாக வெட்டியதோடு சரி, வளைவில் வளையவே மாட்டேன் என்கிறது. வாங்கும்போது நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: புது மண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகு லேஸ், குஞ்சலம் வாங்க நான் அங்கேதான் போகிறேன், லைனிங் துணி மொத்தமாக வேண்டுமென்றால் விளக்குத்தூண் பக்கம்.

கூலி விஷயம்தான் வயிற்றெரிச்சல். சேலைக்குப் பேரம் பேசாதவர்கள் பிளவுஸ் கூலிக்குப் பேசுகிறார்கள். "கழுத்துல ஒரு கோடுதானே ஓட்டியிருக்க, அதுக்கு எக்ஸ்ட்ராவா?" என்று கேட்டார் ஒரு அக்கா. இனிமேல் பைப்பிங்குக்குத் தனிக் கூலி என்று பேப்பரில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டப்போகிறேன். அளவு பிளவுஸ் கொடுக்கிறவர்கள் வேறு ரகம். அளவுக்குத் தருகிற பிளவுஸே அவர்களுக்குச் சேராது, "இதே அளவுதான், ஆனா தோள்பட்டை இறங்காம, கை கொஞ்சம் லூசா, மார்பு கொஞ்சம் பிடிச்சு" என்றால் அதற்கு எதற்கு அளவு பிளவுஸ்? நான் இப்போதெல்லாம் டேப்பை எடுத்து உடம்பிலேயே அளந்துவிடுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர், அரசுப் பள்ளிச் சீருடை தைக்கிறார். துணி வெட்டியே வரும், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, கழுத்து இறக்கம் போதவில்லை என்று அழ ஆளில்லை. கூலி குறைவுதான், ஆனால் சில நாள் அவரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்கணும், இப்போது ஓரம் அடிக்க வெளியே கொடுத்து வாங்குவதற்குள் அரை நாள் போய்விடுகிறது.

மெரூன் பிளவுஸுக்கு இன்னும் கையைத் தைத்துச் சேர்க்கவில்லை. பஃப் கை கேட்டிருக்கிறார்கள், ஜரிகை பார்டர் கைக்கு வரணும், கொடுத்த துணியில் பார்டர் ஒரு கைக்குத்தான் சரியாக வருகிறது. முந்தானை மறைக்கிற பக்கத்துக் கையில் ஒட்டு போடலாமா என்று போன் பண்ணிக் கேட்க வேண்டும். கொக்கியும் நாடாவும் அதற்குப் பிறகுதான்.