ஊசலும் எதிர்க்குறியும்

2025 யூன் 16

உயர்தர வகுப்பில் இன்று எளிமை இசை இயக்கத்தைத் தொடங்கினேன். வரைவிலக்கணத்தை எல்லோரும் பிழையின்றி ஒப்புவித்தார்கள்: துணிக்கையின் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்), நிலைத்த புள்ளியொன்றிலிருந்தான இடப்பெயர்ச்சிக்கு விகிதசமமாகவும் எப்போதும் அப்புள்ளியை நோக்கியதாகவும் இருக்க வேண்டும். ஆனால், ஊசற்குண்டு எல்லையில் ஒரு கணம் நிற்கும்போது அதன் ஆர்முடுகல் என்ன என்று கேட்டதும் பாதிப்பேர் பூச்சியம் என்றார்கள்.

“வேகம் பூச்சியமென்றால் ஆர்முடுகலும் பூச்சியம்தானே, சேர்?” என்றாள் முன்வாங்கில் இருந்த மாணவி.

“அப்படியென்றால் குண்டு ஏன் பிள்ளை அங்கேயே நிற்காமல் திரும்பி வருகுது?” என்று கேட்டேன். அவள் கரும்பலகையையும் குண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேகம் பூச்சியமாகும் எல்லையிலேதான் ஆர்முடுகல் உயர்வானது. வேகம் உயர்வாகும் நடுத்தானத்தில் ஆர்முடுகல் பூச்சியமாகிறது. “ஆர்முடுகல் = −மாறிலி × இடப்பெயர்ச்சி” என்ற சமன்பாட்டின் முன்னுள்ள எதிர்க்குறியைப் பிள்ளைகள் கழித்தற் குறியாகவே பார்க்கிறார்கள். குண்டு எந்தப் பக்கம் விலகினாலும் மறுபக்கம் இழுபடுகிறது என்று திசையைச் சொல்வது அது. இந்த அலகு முழுவதும் அந்தச் சிறு கோட்டின் மேல்தான் நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2025 யூன் 17

எளிய ஊசல் பரிசோதனை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் வலையில் கட்டும் ஈயக் குண்டொன்றைக் கொண்டுவந்திருந்தான். சோளகக் காற்று ஊசலை நேராக ஆடவிடாமல் நீள்வட்டமாகச் சுற்றவைத்ததால், யன்னல்களைச் சாத்திவிட்டு வியர்வையோடுதான் செய்தோம். தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம்வரை 80 சென்ரிமீற்றர்.

முதற் குழுவுக்கு 20 அலைவுகளுக்கான நேரம் 34.1 செக்கன் என வந்தது. அதிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணித்தால் செக்கன் வர்க்கத்துக்கு 10.9 மீற்றர் என வந்துவிடுகிறது; பாடநூலிலோ 9.81. பிள்ளைகள் நூலின் நீளத்தைச் சந்தேகித்து மீண்டும் மீண்டும் அளந்தார்கள். நான் பக்கத்தில் நின்று எண்ணுவதைக் கேட்டேன்: நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் கணத்திலேயே “ஒன்று” என்று தொடங்கினார்கள். அப்படி எண்ணினால் “இருபது” என்னும்போது 19 அலைவுகளே முடிந்திருக்கும். “பூச்சியம்” என்று தொடங்கியதும் 35.9 செக்கன் கிடைத்தது, விடை 9.80 ஆனது.

எங்கே நின்று எண்ணுவது என்பதிலும் தகராறு எழுந்தது. குண்டு எல்லையில் நிற்பதால் அங்கே எண்ணுவது இலகு என்றார்கள். உண்மையில் எல்லையில் அது தயங்கித் திரும்புவதால், திரும்பிய கணம் எதுவெனக் கண்ணால் பிரிக்க முடியாது. நடுத்தானத்தில் விரைந்து கடப்பதால், அங்கே நட்ட ஊசியைத் தாண்டும் கணம் கூர்மையாகத் தெரியும். நேற்றைய கேள்விக்கான விடையை இன்று அவர்களுடைய விரல்களே கண்டுகொண்டன.

2025 யூன் 19

மாலை வகுப்பில் சைக்கிளொன்றைத் தலைகீழாக நிறுத்தி, சக்கர விளிம்பில் பக்கவாட்டாக நீளும்படி தடியொன்றைக் கட்டி, நுனியில் களிமண் உருண்டையை வைத்தோம். சரிந்த வெயில் சக்கரத்தின் தளத்தின் வழியே வந்து சுவரில் விழ, சக்கரத்தைச் சீராகச் சுற்றினால் உருண்டையின் நிழல் ஒரே நேர்கோட்டில் ஏறியிறங்கியது. மேலும் கீழும் தாமதித்து, நடுவில் ஓடியது. சீரான வட்ட இயக்கத்தின் எறியமே, அதாவது இப்படி நேர்கோட்டில் விழும் நிழலே, எளிமை இசை இயக்கம் என்பதை நான் சொல்லி முடிக்கவே தேவைப்படவில்லை. வட்டத்தின் ஆரையே வீச்சம், ஒரு சுற்றுக்கான நேரமே அலைவுகாலம், ஒரு செக்கனில் நிகழும் சுற்றுகளே மீடிறன்.

2025 யூன் 23

வீச்சம் கூடினால் அலைவுகாலம் ஏன் கூடுவதில்லை என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. இடப்பெயர்ச்சி இரட்டித்தால் ஆர்முடுகலும் இரட்டிக்கிறது. ஆகவே ஒவ்வொரு கணத்திலும் வேகம் இருமடங்காகி, இருமடங்கு தூரம் அதே நேரத்தில் கடக்கப்படுகிறது. விகிதசமம் என்ற சொல்லுக்குள் இது முன்பே அடங்கியிருக்கிறது. ஊசலில் இது சிறு கோணங்களுக்கே பொருந்தும், ஏனெனில் குண்டை நடுவுக்கு இழுக்கும் மீள்விசை கோணத்துக்கன்றி அதன் சைனுக்கே விகிதசமமானது. வீச்சம் 10 பாகையானால் அலைவுகாலம் ஏறத்தாழ 0.2 சதவீதமே கூடும். 60 பாகையில் 7 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். புளியமரத்து ஊஞ்சலை உன்னி ஆடும் பிள்ளைகளுக்குச் சமன்பாடு அப்படியே சரிவராது.

பாடநூலின் 9.81 எமக்கு ஏன் வரவில்லை என்ற கவலையும் தீர்ந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே 1672 இல் தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுசென்ற ஊசற் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. மத்தியகோட்டை அண்டிய இடங்களில் ஈர்ப்பு சற்றே குறைவு, அதனால் ஊசல் மெதுவாக ஆடும். நாங்கள் இருக்கும் வன்னியும் மத்தியகோட்டுக்கு 9 பாகை வடக்கேதான் இருக்கிறது. இங்கே எதிர்பார்க்க வேண்டியது 9.78 அளவே. அந்தப் பெறுமானத்துக்கு எமது 9.80 எவ்வளவு அண்மையானது என்பதைப் பிள்ளைகள் கணித்துப் பார்த்தார்கள்.

அடுத்தது விற்சுருள். சைக்கிள் இருக்கையின் கீழுள்ளது எம்மிடமுள்ள நிறைப்படிகளுக்கு மிக விறைப்பானது. மெல்லியதொன்று தேட வேண்டும்.