பதினைந்து நிமிட வீடியோவுக்கு நான்கு மாதம்

ஆர்கெஸ்ட்ராவைக் கையசைத்து நடத்தக் கற்றுத்தரும் கண்டக்டிங் மாஸ்டர்கிளாஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது வீடியோவுக்கான விதிகளை. கட்டணம், கடைசித் தேதி எல்லாம் அப்புறம். நான் அந்தப் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓடினேன். இருபத்தாறு பேருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகிப் போனது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நான் தாராவிப் பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சர்ச் கொயரில், அதாவது பாடகர் குழுவில், ஆல்ட்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்) பாடி, பதினெட்டு வயதில் அதே கொயரை நடத்த ஆரம்பித்தேன். வயலின் கிரேடு பரீட்சைகளும் முடித்தாயிற்று. அடுத்து ஆர்கெஸ்ட்ரா. ஐரோப்பாவில் பத்து நாள் வகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. நிபந்தனை: நிஜ ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற பதினைந்து நிமிட வீடியோ, வேகத்தில் மாறுபட்ட இரண்டு பகுதிகள்.

சிக்கலே அங்கேதான். வயலின்காரர் வீட்டில் உட்கார்ந்து சாதகம் செய்யலாம். கண்டக்டருடைய வாத்தியம் மற்ற மனிதர்கள். வகுப்பில் சேர ஆர்கெஸ்ட்ரா வேண்டும், ஆர்கெஸ்ட்ரா கிடைக்க வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஊரில் 1936-ல் பிறந்த உலகப் புகழ் கண்டக்டர் ஜூபின் மேத்தாவை எல்லாரும் எனக்கு உதாரணம் சொல்வார்கள். 1954-ல் வியன்னா போனார், 1958-ல் லிவர்பூல் போட்டியில் ஜெயித்தார், உண்மைதான். ஆனால் அவருடைய அப்பா மெஹ்லி மேத்தா பாம்பே சிம்பனி ஆர்கெஸ்ட்ராவையே நிறுவியவர். வீட்டுக்குள்ளேயே ஆர்கெஸ்ட்ரா பேச்சு கேட்டு வளர்ந்தவர் மகன். நரிமன் பாயிண்டில் 2006 முதல் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது, டிக்கெட் வாங்கிக் கேட்கலாம். ஒரு புது ஆள் போய் மேடை ஏறிக் கையசைக்க முடியுமா?

ஆட்களை நானேதான் சேர்த்தேன். பாந்த்ராவில் என் வயலின் மாஸ்டரின் மாணவர்கள், நான்கைந்து சர்ச்சுகளின் வாசிப்பாளர்கள், கிளாரினெட்டுக்கு மெட்ராஸ் ரெஜிமெண்ட் பேண்டில் இருந்து ஓய்வு பெற்று சயான் கோலிவாடாவில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர், அவருடைய சிஷ்யர் ஒருவர். பஸூன் என்கிற தாழ்ந்த சுருதி ஊதுவாத்தியம் வாசிக்க ஒருத்தரும் கிடைக்கவில்லை. அந்த வரிகளைச் செல்லோவுக்கு மாற்றிக் கொடுத்தேன். பீத்தோவனின் முதல் சிம்பனியில் முதல் இரண்டு பகுதிகள் என்று முடிவாயிற்று. அதற்குப் பெரிய கூட்டம் வேண்டாம்: டிராம்போன் கிடையாது, டிம்பனி முரசும் இரண்டே போதும்.

ஹால் பிடிப்பதில் மூன்று நடை. வாடகை, டெபாசிட் எல்லாம் முதல் நாளே பேசி முடித்தாயிற்று. கவுண்டரில் இருந்தவர் "மியூசிக் ரைட்ஸ் லெட்டர் எங்கே?" என்றார். எழுதியவர் 1827-லேயே இறந்துவிட்டார் என்றேன். "அப்படீன்னா அவங்க வாரிசு கையெழுத்து கொண்டாங்க." நான் கோபப்படவில்லை, ஆனால் அரை நாள் லீவு போட்டுப் போயிருந்தேன். இரண்டாம் முறை போனபோது அவர் லீவு. அதற்குள் சட்டத்தைப் படித்து வைத்துக்கொண்டேன். நம் நாட்டில் படைத்தவர் இறந்து 60 ஆண்டுகளோடு காப்புரிமை முடிகிறது. மூன்றாம் முறை வெள்ளைத்தாளில் ஒரு உறுதிமொழி: இசையமைத்தவர் பெயர், இறந்த ஆண்டு, நாங்கள் வாசிப்பது 1860களில் அச்சான பழைய பதிப்பு, டிக்கெட் விற்பனை இல்லை. கீழே என் கையெழுத்து. அதை ஃபைலில் வைத்துச் சீல் குத்திவிட்டார். இந்தக் காகிதத்தை முதல் நாளே எடுத்துப் போங்கள். இன்னொன்று: ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் 1957-ல் இறந்தவர். இந்தியாவில் அவர் இசைக்கு 2018 முதல் தடையில்லை. ஐரோப்பாவில் 70 ஆண்டு கணக்கு, 2027 முடிகிற வரை உரிமை இருக்கிறது. வீடியோ போய்ச் சேரும் நாட்டின் கணக்கையும் பாருங்கள்.

முதல் ஒத்திகையில் தவறு என்னுடையது. பழைய பதிப்பில் கிளாரினெட் பார்ட், அதாவது அவர்கள் பார்த்து வாசிக்கும் தாள், 'சி' சுருதிக் கிளாரினெட்டுக்கு எழுதியது. இன்று பெரும்பாலும் கையில் இருப்பது பி ஃப்ளாட் சுருதிக் கிளாரினெட். அதில் அப்படியே வாசித்தால் எல்லாமே ஒரு முழு ஸ்வரம் கீழே இறங்கிக் கேட்கும். பீத்தோவனின் அந்த முதல் கார்டே (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கேட்பவரைத் திகைக்க வைப்பது. சி ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட சி மேஜர் சிம்பனி, எஃப் ஸ்வரத்தை நோக்கிச் சாய்கிற கார்டில் தொடங்கும். அதனால் இசகுபிசகாகக் கேட்டதும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து மேலே நடத்திக்கொண்டே போனேன். எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) அண்ணாச்சியே நிறுத்தினார். "என்னம்மா, உன் காதுக்குத் தெரியலயா?" என்றார். இருபத்தாறு பேர் முன்னால். அன்றிரவு அவரும் நானும் டீ குடித்துக்கொண்டே இரண்டு பகுதிகளின் கிளாரினெட் வரிகளையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கையால் எழுதி முடித்தோம். இப்போதெல்லாம் எந்த ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த இசைத்தாளை) திறந்தாலும் முதல் பக்கத்தின் இடது ஓரம்தான் எனக்கு முதலில். எந்த வாத்தியம், எந்தச் சுருதி.

அடுத்தது வீடியோ. கல்யாண வீடியோ எடுக்கும் பையன், எங்கள் தெருக்காரன், காசே வாங்காமல் வந்தான். ஹாலின் பின்பக்கம் இருந்து அழகாக எடுத்தான். வயலின் விரல்கள், டிம்பனிக் குச்சிகள், நடுவில் ஸ்லோ மோஷன் கூட. அனுப்பிய மூன்றாம் நாள் பதில்: ஒரே கேமரா, வெட்டு ஒட்டு இல்லாமல், கண்டக்டரின் முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். விதியில் முதலிலேயே இருந்ததுதான். அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

முதுகுப்பக்கம் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பது மறுபடி எடுத்தபோதுதான் எனக்கே புரிந்தது. முதல் பகுதியில் பன்னிரண்டு பார் மெதுவாகப் போய் பதின்மூன்றில் வேகம் பிடிக்கும் இடத்தில் அந்தப் புது வேகத்தைக் கொடுப்பது என் மூச்சு. இரண்டாம் பகுதியை செகண்ட் வயலின்கள் தனியாகத் தொடங்குகிறார்கள். கை எழும் முன்பே அவர்களைப் பார்த்துவிட வேண்டும். கேமரா ஸ்டாண்டை, ஊதுவாத்தியக்காரர்களுக்குப் பின்னால் உயரமாக வைத்தோம். ஆகஸ்ட் மாதம், வெளியே கணபதிக்கு டோல் மேளப் பயிற்சி. அவர்கள் சாப்பிடப் போன நாற்பது நிமிடத்தில், மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, வியர்த்து ஊற்ற இரண்டு டேக் எடுத்தோம். இரண்டாவது நன்றாக வந்தது. யாரும் சம்பளம் கேட்கவில்லை. ரயில் டிக்கெட்டும் மாட்டுங்காவில் இருந்து இட்லிப் பொட்டலமும் என் பொறுப்பு. அதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

விண்ணப்பிக்கக் கடைசி நேரம் மத்திய ஐரோப்பாவில் இரவு 11.59 என்றால் கோடையில் நமக்கு அதிகாலை 3.29. அந்தக் கணக்குதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு மணிக்கு அறுந்துபோன அப்லோடை மறுபடி போட நேரம் இருந்தது.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்கிற இடம் அல்ல, ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற இடமே கிடைத்திருக்கிறது. அண்ணாச்சிக்குத்தான் முதல் போன். கேட்டுவிட்டு, "மூணாவது, நாலாவது பகுதியையும் ஏத்தி எழுதி வச்சிருக்கேன். எப்ப வாசிக்கலாம்?" என்றார். தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிறு அந்த ஹாலையே கேட்டிருக்கிறேன். உறுதிமொழிக் கடிதத்தின் நகல் பையில் தயாராக இருக்கிறது.