மிஸ்டர் தெய்வானை தகுதி பெற்ற கதை

மகள் சுட்ட போட்டியின் திருத்திய முடிவுத் தாள் போன வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. ஒரு ‘எம்’ எழுத்தை ‘எஃப்’ ஆக்குவதற்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. அதற்காக மட்டும் இரண்டு தடவை சென்னை போய் வந்தேன். அதற்கு முந்தைய வருடம் வீணாய்ப் போன பயணம் தனிக் கணக்கு. மகள் மொத்தமாகச் சுட்டது என்னவோ ஒன்றேகால் மணி நேரம்தான்.

காரைக்குடிப் பக்கம் பிள்ளைகளை ஏர் பிஸ்டலுக்கு, அதாவது அழுத்திய காற்றால் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு, அனுப்பும் பெற்றோர் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். கிளப்பில் சேர்ப்பது எப்படி, 20 ஜூலுக்குள் ஆற்றல் உள்ள 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ரயிலில் கொண்டுபோகும்போது துப்பாக்கிப் பெட்டியைப் பூட்டி, பில்லையும் கிளப் கடிதத்தையும் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் அடிபட்ட இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதல் அடி, சிலிண்டர். புது பிஸ்டல் வாங்க வசதி இல்லை, மதுரையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். பிடி மகள் கைக்குப் பெரிதாக இருந்தது, எங்கள் வீட்டுக்கு வரும் ஆசாரி அதை ராவிக் கொடுத்தார். பர்மாத் தேக்குக் கதவைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த கை, பிஸ்டல் பிடியெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. கிளப் இல்லாத நாட்களில் வீட்டு வளவிலேயே குண்டு போடாமல் குறி பார்த்துப் பழகுவாள். அளப்பதற்கு டேப்கூடத் தேவைப்படவில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்று எட்டு அங்குலம், 49 கல்லும் இரண்டு விரற்கடையும் சேர்ந்தால் 10 மீட்டர். எதிர்ச் சுவரில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அட்டை. அப்பத்தா மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குனிந்தே போவார்கள், குண்டு இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும்.

2024 ஜூலையில் போட்டிக்கு ஒரு நாள் முன்னதாகவே பல்லவனைப் பிடித்துச் சென்னை போய்த் தங்கினோம். மறுநாள் காலை கருவிச் சோதனை மேசையில் இருந்தவர் பிஸ்டலைத் தொடவே இல்லை. சிலிண்டரை மட்டும் கழற்றி, டார்ச் அடித்து, அதில் பொடி எழுத்தில் குத்தியிருந்த 03/14 என்பதை எனக்குக் காட்டினார். “பத்து வருஷம் தாண்டிருச்சு சார்.” அவ்வளவுதான். உள்ளே 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும் உருளை அது, காலாவதியானதைச் சுடுகளத்துக்குள் விடமாட்டார்கள். அவர் சொன்னது நியாயம்தான், அதனால் யாரிடமும் சண்டை போடவும் வழியில்லை. அதே மரையில் பொருந்தும் சிலிண்டர் ஒரே ஒரு பையனிடம் இருந்தது, அவனும் இவள் சுட வேண்டிய அதே டீட்டெயிலில், அதாவது ஒரே நேரத்தில் சுடும் வரிசையில், நிற்கிறான். அன்று மாலையே பல்லவனில் திரும்பிவிட்டோம். வீட்டு வாசலில் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, “என்னாத்தா, சுட்டியா?” பிள்ளை பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆகவே பழைய பிஸ்டல் வாங்குபவர்கள் முதலில் சிலிண்டரைப் பாருங்கள். நாலு வருடம்தான் மிச்சம் இருக்கிறது என்றால் விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். புதுச் சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், எங்களுக்கு வந்து சேர நவராத்திரியே முடிந்துவிட்டது.

அடுத்த வருடம் சிலிண்டர் சரி. இந்தத் தடவை ட்ரிக்கர். ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். குழாய் மேல் நோக்கி நிற்கும்படி பிடித்து, ட்ரிக்கரில் எடையை மாட்டி, மேசையிலிருந்து தூக்குவார்கள். ட்ரிக்கர் விடாமல் எடை மேலே வந்தால் பாஸ். மூன்று முயற்சி. எங்கள் கிளப்பில் நூறு தடவை தூக்கியது. அங்கே முதல் முயற்சியில் ‘டப்’ என்றது. இரண்டாவதிலும் டப். மூன்றாவதில் எடை ஒரு விரல் உயரம் எழும்பிய பிறகு ட்ரிக்கர் விட்டுவிட்டது. நல்லவேளை, வெளியே போய்ச் சரிசெய்துகொண்டு மறுபடி வரிசையில் நிற்கலாம் என்று விதி இருக்கிறது. ஆலன் கீயை அரைச் சுற்றுத் திருப்பிக்கொண்டு வந்து நின்றாள், பாஸ். ஊருக்கு வந்தபின் கிளப் எடையை எடுத்துக்கொண்டு தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்தேன். மளிகைக் கடையில் ஓய்வுபெற்ற பழைய படிக்கல் அது. கொக்கியோடு சேர்த்து 488 கிராம். அத்தனை பிள்ளைகளும் அதை நம்பித்தான் சென்னை போய்க்கொண்டிருந்தார்கள்.

போட்டி நன்றாக நடந்தது. 15 நிமிடம் தயாரிப்பும் சைட்டர் என்ற கணக்கில் வராத பழகு குண்டுகளும், பிறகு 75 நிமிடத்தில் 60 குண்டு. பெண்களுக்கு முன்பு 40தான், 2018 முதல் ஆண்களுக்குச் சமமாக 60. பத்துக் குண்டு ஒரு சீரிஸ். மூன்றாவது சீரிஸில் ஒரு 6 விழுந்தது, தண்ணீர் குடித்துவிட்டு மீண்டுவந்தாள். பெண்களுக்கு அறிவித்திருந்த தகுதி மதிப்பெண்ணைவிட 3 கூடுதல்.

இனிமேல்தான் கதையே.

பட்டியல் ஒட்டும்போது நாங்கள் மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். தற்காலிக முடிவு ஒட்டியதிலிருந்து 10 நிமிடத்துக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. கோச் அதைச் சொல்லியும் இருந்தார். மதிப்பெண்தான் திரையிலேயே தெரிந்துவிட்டதே, ஆட்சேபிக்க என்ன இருக்கிறது என்று நிதானமாகக் கை கழுவிவிட்டுப் போனோம். பெண்கள் பட்டியலில் இவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தாயிற்று. பக்கத்தில் நின்ற ஒரு பையன்தான், “அங்கிள், இங்க ஒரு தெய்வானை இருக்காங்க” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆண்கள் பட்டியலைக் காட்டினான். 81ஆவது இடம். ஆண்களுக்குத் தகுதி மதிப்பெண் கூடுதல் என்பதால் எதிரே ‘தகுதி இல்லை’.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க ராத்திரி முழுக்க ஆனது. எங்கள் விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் குடும்ப எழுத்துகள், எம்ஆர்.பிஎல். என் தகப்பனார், பிள்ளைக்கு ஐயா, முருகப்பனுக்கு எம்ஆர், பழனியப்பன் ஆகிய எனக்குப் பிஎல். பள்ளிச் சான்றிதழில் எம்ஆர்.பிஎல்.தெய்வானை என்றுதான் இருக்கும், கிளப்பிலிருந்து போன எக்செல் தாளிலும் அப்படியே. அதை அங்கே கணினியில் ஏற்றியவர் முன்னால் இருந்த எம்ஆரை மிஸ்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மிஸ்டர் என்றால் ஆண்தானே? பின்னால் தெய்வானை என்று ஒரு பெயர் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. களத்தில் ஒரே டீட்டெயிலில் ஆணும் பெண்ணும் கலந்து நிற்பதால் லேன் எண்ணை, அதாவது நின்று சுடும் இடத்தின் எண்ணை, தவிர யாரும் எதையும் பார்ப்பதில்லை. குன்றக்குடி முருகனே வந்து சாட்சி சொன்னாலும் அந்தக் கணினி தெய்வானையைப் பெண் என்று ஒப்புக்கொண்டிருக்காது.

மேசையில் இருந்தவரிடம் அன்றே பேசினேன். “பத்து நிமிஷம் முடிஞ்சிருச்சு சார், மெயில் போடுங்க.” அந்தப் பத்து நிமிடம் மதிப்பெண் ஆட்சேபத்துக்கு, நான் கேட்பது பெயர்த் திருத்தம் என்றேன். பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். அவர் ஒரு தரம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு கணினியைப் பார்த்தார். “சிஸ்டத்துல மேல்னு இருக்கே” என்றார்.

வயிற்றெரிச்சலை யாரிடமாவது கொட்ட வேண்டும் அல்லவா, டல்லாஸில் இருக்கும் அயித்தானுக்குப் போன் போட்டேன். அவர் அங்கே வார இறுதியில் பிராக்டிகல் ஷூட்டிங் போகிறவர். ஓடிக்கொண்டே, தடுப்புக்குப் பின்னாலிருந்து, நேரத்தோடு போட்டி போட்டுச் சுடும் விளையாட்டு அது. யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமைப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு கிளாஸ் கொடுக்கும். எடுத்த புள்ளியை ஆன வினாடியால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். உதாரணத்துக்கு 12 குண்டும் நடுப் பகுதியில் விழுந்தால் ஐந்து ஐந்தாக 60 புள்ளி, 6 வினாடியில் முடித்தால் 10. அந்தக் களத்துக்கு வைத்திருக்கும் உச்ச அளவு 12.5 என்றால் நீங்கள் 80 சதவீதம். 40க்குக் கீழே டி, 60 வரை சி, 75 வரை பி, 85 வரை ஏ, 95 வரை மாஸ்டர், அதற்கு மேல் கிராண்ட் மாஸ்டர். அயித்தான் 62 சதவீதத்தில் பி வகுப்பு. அந்த இரண்டு சதவீதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது வேறொரு விஷயத்தில். அங்கே முதல் கிளாஸ் கிடைக்க கிளாசிஃபையர் என்ற தரம் பிரிக்கும் சுற்று நான்கு சுட வேண்டும், அதன் பிறகு கடைசி எட்டில் சிறந்த ஆறைத்தான் எடுப்பார்களாம். ஒரு நாள் சொதப்பினால் அது கணக்கில் வராமல் போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு வருடத்து உழைப்பு ஒரே நாளில், ஒரே தாளில், ஒரே எழுத்தில் நின்றது. “ரொம்பப் பெருமையா நினைக்காதீங்க. நான் மொதல்ல சுட்டப்ப டிவிஷனை, அதான் துப்பாக்கி வகையை, ஓப்பன்னு மாத்திப் போட்டுட்டாங்க. ஓப்பன்ல உச்ச அளவு கூட, அதே சுடுதலுக்கு என் சதவீதம் கீழ போயிருச்சு. இங்க பேரை எவன் பாக்குறான், மெம்பர் நம்பர்தான். நம்பர்ல ஒரு இலக்கம் தப்பினா அந்த ஸ்கோர் வேற எவன் தலையிலயோ விழுந்திரும்” என்றார் அயித்தான். அப்புறம் ஒன்று கேட்டார்: “அன்னைக்கு லேன்ல பிரின்ட் குடுத்தாங்களா? பத்திரமா வச்சிருக்கியளா?”

இருந்தது. மகள் பெல்லட் டப்பாவுக்குள் மடித்துப் போட்டிருந்தாள். லேன் எண், நேரம், 60 குண்டின் மதிப்பு, கீழே ரேஞ்ச் ஆபீசர் கையெழுத்து. வெயில் பட்டால் எழுத்து மறைந்துபோகும் வழவழப்பான தாள் அது. மறுநாள் காலை முதல் வேலையாக ஜெராக்ஸ் எடுத்தேன். நீங்களும் எடுங்கள், அசலை நம்பாதீர்கள்.

மெயிலுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது மெயிலுக்கு வந்தது: பிறப்புச் சான்றிதழ், ஆதார், கிளப் கடிதம் அனுப்பவும். பிறப்புச் சான்றிதழில் வெறும் தெய்வானை. ஆதாரில் தெய்வானை பழனியப்பன். பள்ளிச் சான்றிதழில் எம்ஆர்.பிஎல்.தெய்வானை. பட்டியலில் மிஸ்டர் பிஎல். தெய்வானை. இந்த நாலு பேரும் ஒரே ஆள்தானா என்று அடுத்த மெயில். கிளப் கடிதத்துக்குச் செயலாளரைப் பிடிக்க வேண்டும், அது ஆவணி, அவர் வாரத்துக்கு மூன்று கல்யாணத்தில் இருந்தார். ஒரு வழியாக ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து வாங்கினேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சென்னை போனால், அந்தக் கோப்பைப் பார்ப்பவர் லீவ். வேறு யாரும் தொடமாட்டார்களாம். நாலு பெயரும் ஒருவரே என்று நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழி வேண்டும் என்று மட்டும் ஒருவர் சொல்லி அனுப்பினார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் சம்பளம், போக வர ரயில் செலவு, இத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு.

கடைசிப் பயணத்தில் மகளையும் கூட்டிப் போனேன். அங்கே வயதான ஒருவர், நடுவர் குழுவில் இருப்பவராம், வேறு வேலையாக வந்திருந்தார். நாங்கள் மேசையில் வாதாடுவதைக் கேட்டுவிட்டு, “அந்தத் தாளைக் குடும்மா” என்று வாங்கினார். அன்றைய தொடக்கப் பட்டியலை எடுக்கச் சொன்னார், லேன் எண்ணும் நேரமும் பொருந்துகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். நோட்டரி தாளை அவர் பிரிக்கவே இல்லை. “மூணாவது சீரிஸ்ல ஏன் ஆறு போட்ட?” என்று அவளிடம் கேட்டார். “மூச்சைப் பிடிச்சு ரொம்ப நேரம் நின்னுட்டேன் சார், இறக்கியிருக்கணும்” என்றாள். அவர் மேசைக்காரரைப் பார்த்து, “இந்தப் பிள்ளைதான் சுட்டுருக்கு, மாத்துப்பா” என்றார். மாற்றுவதற்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், உங்களுக்கு எது சரியோ எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் விலாசம் போடமாட்டேன், ஆதாரில் உள்ளபடிதான் பெயர். ஐயா கோபித்துக்கொண்டால் வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் படைப்பன்று பேசிக்கொள்ளலாம். போட்டிக்கு முந்தின நாள் தொடக்கப் பட்டியல் வந்ததும் பெயரோடு பிரிவையும், ஆணா பெண்ணா என்ற கட்டத்தையும் பார்ப்பேன். முடிவு ஒட்டும் பலகைக்கு எதிரிலேயே நின்றுகொண்டு சாப்பிடுவேன். இன்னொன்று, குண்டு இல்லை என்று காட்டக் குழாய்க்குள் விடும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடி தொலைந்துவிட்டால் கலங்காதீர்கள், புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் கெட்டி நைலான் நூல் அதே நிறத்தில் கிடைக்கிறது, குழாயைத் தாண்டி வெளியே தெரியும் நீளத்துக்கு வெட்டினால் சரி.

திருத்திய தாளில் தெய்வானை, பெண், தகுதி என்று இருக்கிறது. அவள் அதைக் கட்டத்துக்குக் கட்டம் படித்துவிட்டு, “அப்பச்சி, ஆம்பளைப் பட்டியல்ல இருந்து இன்னும் எடுக்கலை, பாத்தியளா?” என்றாள். பார்த்தேன். 81ஆவது இடத்தில் மிஸ்டர் பிஎல். தெய்வானை இன்னும் நிற்கிறார். அதற்கு நான் மெயில் போடப்போவதில்லை.