எடின்பரோவில் ஒரு சனிக்கிழமை

மதியம் சரியாக ஒரு மணிக்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையில் பீரங்கி வெடித்தது. தெரிந்தே காத்திருந்தும் உடம்பு தூக்கிப் போட்டது. சின்னவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை சுடுவாங்களாப்பா?" என்றாள்.

1861-இல் தொடங்கிய வழக்கம் இது. அதற்கு முன்பே கால்டன் குன்றின் கோபுரத்தில் தினமும் ஒரு மணிக்குப் பெரிய பந்து ஒன்றைக் கீழே இறக்குவார்கள். லீத் துறைமுகத்துக் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். மூடுபனி நாளில் பந்து எங்கே தெரியும்? அதனால்தான் பீரங்கி. ஞாயிற்றுக்கிழமை சுடுவதில்லை, போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குள் எனக்கு மிகவும் பிடித்தது புனித மார்கரெட் சிற்றாலயம். 12-ஆம் நூற்றாண்டில் டேவிட் மன்னர் தன் தாயின் நினைவாகக் கட்டியது. இருபது பேர் நின்றால் நிறைந்துவிடும். அதன் அருகிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால், படைவீரர்கள் வளர்த்த நாய்களுக்கென்று ஒரு குட்டிக் கல்லறைத் தோட்டம். பெரியவன் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றான்.

அப்புறம் ராயல் மைல் தெரு வழியாக இறங்கி கிரேஃபிரையர்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எசமானின் கல்லறையை 14 ஆண்டுகள் காத்துக் கிடந்ததாகச் சொல்லப்படும் பாபி என்ற நாயின் சிலை தெருமுனையில் இருக்கிறது. பலரும் தடவித் தடவி அதன் மூக்கு மட்டும் தேய்ந்து மின்னுகிறது. தயவுசெய்து தொடாதீர்கள். பிள்ளைகளிடமும் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

உள்ளே பாபியின் நினைவுக்கல்லடியில் அது விளையாடட்டும் என்று யார் யாரோ வைத்துப்போன சுள்ளிகள் கிடந்தன. பெரியவன் மரத்தடியில் தேடி, ஈரமாக ஒன்றை எடுத்துவந்து, சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான்.