சமயபுரத்தில் அத்தை கேட்ட ஒரு கேள்வி

அத்தையை இடுப்பு எலும்பு முறிவுக்காக ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன நேரத்தில் சமயபுரம் மாரியம்மனுக்கு நான் நேர்ந்துகொண்டது இது. "எழுந்து நடந்துட்டாங்கன்னா வெள்ளியில கால் உருவம் செலுத்தி, மாவிளக்கு போடுறேன் மகமாயி." அவளும் நடக்க வைத்துவிட்டாள். வாக்கர் போய் கைத்தடி வந்தது, அத்தை தானாகவே அடுப்படி வரைக்கும் வர ஆரம்பித்தார். வேண்டுதல் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ராத்திரி ஆபீஸ் மீட்டிங், பையனுக்குப் பரீட்சை, நடுவில் பிசியோதெரபி. ஈரத்தலையோடு நேராக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, விளக்கேற்றாமலே கழிந்த வெள்ளிக்கிழமைகள் உண்டு. மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். "ஆத்தா கூப்பிடுறப்ப போவோம், நீ அலட்டிக்காத" என்பார் அத்தை.

பங்குனியில் கூப்பிட்டாள், அதுவும் அவளே பட்டினி இருக்கும் காலத்தில். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் பச்சைப்பட்டினி விரதம். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்துப் படைக்கும் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். தெய்வத்துக்காக நாம் விரதம் இருப்போம். நமக்காக விரதம் இருக்கிறவள் சமயபுரத்தாள்.

திருச்சி தாண்டியதுமே சாலையோரம் முழுக்க மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி. வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களைப் பார்த்து, காரில் வருகிற எனக்குக் கூச்சமாக இருந்தது. கோயில் பக்கம் கூட்டம் சொல்லி மாளாது. வண்டி நிறுத்துவதற்குள் பூத்தட்டோடு நாலு பேர் கதவை மறித்துவிட்டார்கள். "பாட்டிக்கு நடக்க முடியாதுல்ல, அஞ்சு நிமிஷத்துல உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் விடாமல் கூடவே வந்தார். முடியாதவர்களைப் பார்த்துப் பேரம் பேசுகிறார்களே என்று வயிறு எரிந்தது. அத்தை அவரிடம் "நான் நடக்குறேன்னுதான்யா அவ கிட்ட சொல்ல வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

வரிசை நகரவே இல்லை. வேர்வை, தள்ளுமுள்ளு, குழந்தைகளின் அழுகை. போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டதால் கை சும்மா இருந்தது. உள்ளங்கையில் அந்தச் சின்ன வெள்ளிக்கால், வேர்வையில் நனைந்து சூடேறிப் போயிருந்தது. ஆத்தாளிடம் கேட்க வேண்டியதை வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வேலை நிலைக்க வேண்டும், பையன் தேற வேண்டும், எனக்குக் கொஞ்சம் பலம் வேண்டும்.

சன்னதி வந்தது. அந்தப் பெரிய திருமேனி, அந்தக் கண்கள். ஒன்றும் கேட்க வரவில்லை. அத்தை ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மகளிடம் பேசுகிற மாதிரி கேட்டார்: "ஏத்தா, இப்படிப் பட்டினி கெடக்கியே, மோராச்சும் குடிச்சியா?"

அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது. படுக்கையில் கிடந்த அத்தனை நாளும், ராத்திரி எத்தனை மணிக்கு நான் லேப்டாப்பை மூடினாலும், இருட்டுக்குள்ளிருந்து "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டது இதே குரல்தான். நான் ஒருத்தியாகத்தான் எல்லாரையும் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே தாயே! "நகரும்மா, நகரும்மா" என்று தள்ளினார்கள். அழுதுகொண்டேதான் வெளியே வந்தேன்.

உருவத்தை அத்தை கையாலேயே உண்டியலில் போட வைத்தோம். மாவிளக்கு ஏற்ற இடம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காற்றில் திரி அணையாமல் பையன்தான் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மீட்டிங்கும் பிசியோதெரபியும் அப்படியேதான் இருக்கின்றன. காலையில் விளக்கை அத்தை ஏற்றிவிடுகிறார். நான் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டு ஓடுகிறேன். அடுத்த பூச்சொரிதலுக்குப் பூக்கூடையோடு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. என் தாயே, லீவும் நீதான் வாங்கித் தரணும், அத்தை காலுக்குத் தெம்பும் நீதான் தரணும்.