பெட்டியில் பூட்ஸ்

ஜனவரி 4
பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற இன்னும் 27 நாள்.

ஜனவரி 5
கடைசி மெடிக்கலில் காதைத்தான் விடக்கூடாது. வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் முதலில் போகும். கன்னத்தைக் கட்டையில் சாய்த்ததும் வலது காது தோள் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது, இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பிவிடுகிறது. வலதுக்குத் தலையே மறைப்பு. துப்பாக்கி வேட்டு 140 டெசிபெலைத் தாண்டும். அந்த அளவில் காதைக் கெடுக்க ஒரு வேட்டே போதும்.

ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், கோடு நேராக வந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கி, 8,000-இல் கொஞ்சம் ஏறினால், அது வேட்டுச் சத்தத்தின் கையெழுத்து. குரல் கேட்கும், சொல் பிடிபடாது. ‘காசு’ என்றார்களா ‘காது’ என்றார்களா? வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று எரிச்சல் வருவதும் இந்தப் பள்ளத்தால்தான்.

படிவத்தில் ‘வேறு குறை உண்டா’ என்ற கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வருவார்கள். வீறாப்பு. வெளியே வந்தபிறகு அதே குறை சர்வீஸில் வந்ததுதான் என்று நிரூபிக்கக் காகிதத்துக்கு அலையவேண்டும். காதுக்குள் கேட்கும் இரைச்சல், முட்டி, இடுப்பு எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

ஜனவரி 8
4:30. அலாரம் இல்லை.

ஜனவரி 11
பூட்ஸ் பாலிஷ். முதலில் பிரஷ், மண் துகள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் கீறல் விழும். பருத்தித் துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, மெழுகைத் தொட்டதும் தொடாததுமாக எடுத்து, காசளவு வட்டம். பிறகு ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர், அதே வட்டம். நாலைந்து பூச்சுவரை மங்கலாகத்தான் இருக்கும். அங்கேதான் பொறுமை போய், புதுசாகச் சேர்ந்தவர்கள் மெழுகை அள்ளி அப்புவார்கள், அது பாளம்பாளமாக உரியும். பளபளப்பு முனையிலும் குதிகாலிலும் மட்டும். மடங்குகிற இடத்தில் ஏற்றினால் இரண்டு எட்டில் வெடித்துவிடும்.

நன்றாக வந்திருக்கிறது. யாருக்கு?

ஜனவரி 12
அணிவகுப்பு நடை: நிமிடத்துக்கு 120 எட்டு, எட்டுக்கு 30 அங்குலம். கணக்குப் போட்டால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். கூட நடக்கிறவர்கள் பின்தங்குவதில் தப்பே இல்லை.

ஜனவரி 16
காகிதம். பிறந்த தேதி, பெயரின் எழுத்து, மனைவி பெயரின் எழுத்து: சர்வீஸ் புத்தகம், வங்கிக் கணக்கு, அடையாள அட்டை மூன்றிலும் ஒன்றாக இருக்கவேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தாலும் பென்ஷன் கோப்பு நிற்கும். யூனிட்டில் இருக்கும்போதே திருத்தினால் எழுத்தர் மேஜைவரை நடந்தால் போதும்.

ஜனவரி 19
இரைச்சல் இரவில் கூடுகிறது. கூடவில்லை, மற்ற சத்தம் அடங்குகிறது.

ஜனவரி 21
கம்பளி யூனிஃபார்ம். துணியைத் தின்பது பூச்சியின் புழு, பறக்கிறது இல்லை. வியர்வை ஏறிய கழுத்துப் பட்டையும் அக்குளும்தான் அதற்கு விருந்து. அதனால் சலவைக்குப் போட்ட பிறகே உள்ளே வைக்கணும். பித்தளைப் பொத்தான், பேட்ஜ் எல்லாம் கழற்றிவிடணும். பச்சைக் களிம்பு கம்பளியில் ஏறினால் போகாது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தி வேட்டி போதும்.

பதக்கத்தைப் பிராஸோ என்ற பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் கரைகிறது, இடுக்கில் வெள்ளைப் பொடி தங்குகிறது. மெல்லிய உலர்ந்த துணி போதும். ரிப்பனுக்கு வெயில் ஆகாது.

ஜனவரி 25
மறுபடி பூட்ஸ். தோலுக்கு இவ்வளவு பாடு பட்டாலும் முதலில் போவது சோல். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த சோல் காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள்ளேயே சிதையும். பெட்டிக்குள் கிடந்தாலும் ஐந்து பத்து வருஷத்தில் பிசுபிசுத்து, பிறகு மண்ணாங்கட்டி மாதிரி உதிரும். போட்டு நடக்காவிட்டால் பிழைக்கும் என்று எடுத்துவைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ரப்பர் சோலுக்கு இந்த வியாதி கிடையாது.

ஜனவரி 27
4:30.

ஜனவரி 30
நாளை ஸ்டோரில் பொருளைத் திருப்பி ஒப்படைக்கும் கணக்கு. போர்வை 2, தண்ணீர் பாட்டில் 1, மெஸ் டின் 1. பூட்ஸ் பட்டியலில் இல்லை. குதிகால் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கிறது.